200 மணி நேரத்தில் ஏர்லைன் வேலை: புதிய விமானிகள் எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

ஃப்ளையிங் ஸ்கூலில் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: “சார், 150 மணி நேரம் முடிஞ்சாச்சு. 200 ஆனதும் ஏர்லைனுக்கு அப்ளை பண்ணலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் ஹவர்ஸ் சேர்த்துக்கிட்டுப் போனா நல்லதா?”

இந்திய ஏர்லைன்களைப் பொறுத்தவரை என் பதில் இதுவரை மாறவில்லை. உரிமம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள். அதற்கான தயாரிப்பை 100 மணி நேரத்திலேயே தொடங்கிவிடுங்கள். சொந்தக் காசில் சின்ன விமானத்தில் கூடுதலாக 50, 100 மணி நேரம் பறப்பதால் தேர்வில் பெரிதாக எதுவும் மாறாது. உரிமம் வாங்கிய பிறகு சும்மா கழியும் ஆறு மாதத்தால் நிறைய மாறும். மருத்துவச் சான்று, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், படித்த பாடம், பறக்கும் கை, இந்த நான்கும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் காலம் ரொம்பக் குறுகியது. அந்தக் காலத்துக்குள் உங்கள் பெயர் ஏர்லைன்களின் பட்டியலில் ஏறிவிட வேண்டும்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. 2012-ல் உரிமம் வாங்கினேன். வாங்கிய களைப்பில் மூன்று மாதம் ஊரில் இருந்தேன், புத்தகத்தைத் தொடவில்லை. அந்த அக்டோபரில் கிங்ஃபிஷர் பறப்பதை நிறுத்தியது. டைப் ரேட்டிங்கும் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) ஆயிரக்கணக்கில் மணி நேரமும் உள்ளவர்கள் ஒரே சமயத்தில் வேலை தேடி வந்தார்கள். அதற்கப்புறம் எனக்கு வந்த முதல் எழுத்துத் தேர்வு அழைப்புக்கு நான் தயாராக இல்லை, தோற்றேன். அடுத்த அழைப்பு வர நான்கு வருடம் ஆனது. அப்பா கல்விக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்த நான்கு வருடம் அது. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

200-ம் 1,500-ம்

கமர்ஷியல் பைலட் உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையமான டிஜிசிஏ கேட்பது மொத்தம் 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் 20 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி, அதாவது ஊர் விட்டு ஊர் போகும் பறத்தல். அதில் ஒரு பயணமாவது 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுவதுமாக இறங்கி நின்று கிளம்பியதாக இருக்க வேண்டும். 10 மணி நேரம் இன்ஸ்ட்ருமென்ட், 5 மணி நேரம் இரவுப் பறத்தல். வயது 18 முடிந்திருக்க வேண்டும்.

அமெரிக்க விமானிகளின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, “1,500 மணி நேரம் இல்லாமல் எந்த ஏர்லைனும் எடுக்காது” என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். அது அந்த நாட்டுச் சட்டம். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்கள் நடத்திய போராட்டத்தின் பலனாக 2010-ல் ஒரு சட்டம் வந்தது. 2013 முதல் அங்கே ஏர்லைனின் துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் முடித்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்போடு பயிற்சி பெற்றவர்களுக்கு அது 1,000 வரை குறையும், ராணுவ விமானிகளுக்கு 750. அதனால்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் 250 மணி நேரத்தில் பயிற்றுநராகச் சேர்ந்து வருடக்கணக்கில் மணி சேர்க்கிறார்கள்.

இந்தியாவில் 1,500 மணி நேரம் கேப்டனாவதற்குத் தேவையான ஏடிபிஎல் உரிமத்துக்கு உரியது. துணை விமானியாக உள்ளே நுழைய சிபிஎல் போதும். ஆகவே இங்கே 200-க்கும் 1,500-க்கும் நடுவில் கடக்க வேண்டிய கோடு எதுவும் சட்டத்தில் இல்லை. ஏர்லைன்கள் பார்ப்பதும் வேறு கணக்கு: இவருக்கு எங்கள் விமானத்தின் டைப் ரேட்டிங் இருக்கிறதா, அந்த டைப்பில் ஓட்டிய மணி நேரம் எவ்வளவு? செஸ்னாவில் 210 ஓட்டியவரும் 310 ஓட்டியவரும் அவர்களுக்கு ஒரே வரிசைதான்.

இன்னும் பயிற்சியே தொடங்காதவர்களுக்கு

உங்கள் விண்ணப்ப நேரம் இப்போதுதான். பெரிய ஏர்லைன்கள் நடத்தும் கேடட் திட்டங்களில் தேர்வு முதலில், பறத்தல் பிறகு. செலவு சாதாரணப் பயிற்சியைவிடக் கூடுதல். ஆனால் முடிவில் எந்த நிறுவனத்துக்குப் போகிறோம், எந்த டைப் என்பது முன்பே தெரியும். 12-ஆம் வகுப்பு முடித்த கையோடு உள்ளூர்ப் பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு கேடட் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படும். முதலில் கேடட் தேர்வை எழுதிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் மற்றது. ஒப்பந்தத்தில் “வேலை உறுதி” என்று எழுதியிருக்கிறதா, “வேலைக்குப் பரிசீலிக்கப்படும்” என்று எழுதியிருக்கிறதா என்பதை வக்கீல் ஒருவரிடம் காட்டிப் படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் பல லட்சம் ரூபாய் இருக்கிறது.

படி 1: 100 மணி நேரம்: காகிதத்தைச் சரிசெய்யும் நேரம்

சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம் ஊர் விமானிகளின் விண்ணப்பம் பல முறை பெயரில்தான் மாட்டிக்கொள்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’. ஆதாரில் ‘சுப்பிரமணியன் கார்த்திக்’. டிஜிசிஏவின் கணினி எண், மருத்துவக் கோப்பு, ரேடியோ உரிமம் எல்லாம் ஏதோ ஒன்றைப் பின்பற்றி ஓடியிருக்கும். வெளிநாட்டில் பயிற்சி எடுத்திருந்தால் அங்கே அப்பா பெயர் முதல் பெயராகவே மாறியிருக்கும். ஏர்லைனில் சேரும்போதும், விமான நிலைய நுழைவு அட்டைக்கான பின்னணிச் சரிபார்ப்பின்போதும் இது கிளம்பும். அரசிதழில் பெயர் மாற்றம் தேவைப்பட்டால் மாதக்கணக்காகும். 100 மணி நேரத்தில் இருக்கும்போதே எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது தேர்வுகள். நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன், டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் என்று டிஜிசிஏ தாள்கள், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் தேவை. ரேடியோவுக்கு ஆர்டிஆர் தேர்வு தனி. பறந்து முடித்துவிட்டு ஒரே ஒரு தாளுக்காக அரை வருடம் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். 100 மணி நேரத்தில் எந்தத் தாளாவது பாக்கி இருந்தால், பறப்பதைக் குறைத்தாவது அதை முடியுங்கள்.

பறந்த மணி நேரத்தைப் பதியும் லாக்புக்கைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இந்திய ஃப்ளையிங் கிளப்களில் பார்க்கர் பென் ஹவர்ஸ் என்று ஒரு பழைய வழக்குச் சொல் உண்டு. விமானம் தரையில் நிற்க, பேனா மட்டும் பறந்து சேர்த்த மணி நேரம். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் விவகாரம் வெடித்தபோது டிஜிசிஏ உரிமங்களைத் தோண்டி ஆராய்ந்தது, விமானிகள் கைதானார்கள். யார் எவ்வளவு வற்புறுத்தினாலும் பறக்காத ஒரு நிமிடத்தைக்கூட எழுதாதீர்கள். பிற்பாடு ஒருநாள் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

படி 2: 150 மணி நேரம்: நாட்காட்டியை எடுங்கள்

இங்கேதான் திட்டமிடல் உண்மையில் தொடங்குகிறது. ஒரு தாளில் இந்தத் தேதிகளை எழுதுங்கள்.

முதல் வகுப்பு மருத்துவச் சான்று: 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 12 மாதம் செல்லும். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், சுருக்கமாக ஐஆர்: தேர்வு பறந்த நாளிலிருந்து 12 மாதம். ஆங்கிலத் தேர்ச்சி: குறைந்தது நிலை 4. சிபிஎல்லுக்கான திறன் தேர்வுகள்: விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் முடித்திருக்க வேண்டும். அதே ஆறு மாதத்துக்குள் 15 மணி நேரம் பறந்தும் இருக்க வேண்டும்.

2023-ல் விதி மாறிய பிறகு சிபிஎல்லின் ஆயுள் ஐந்து வருடத்திலிருந்து பத்து வருடமானது. இதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அட்டையில் பத்து வருடம் என்று இருந்தாலும் மருத்துவச் சான்றும் ஐஆரும் காலாவதியானால் அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு ஏர்லைன் வாசலில் நிற்க முடியாது.

ஆகவே மல்டி எஞ்சின் (ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள விமானம்) பயிற்சியையும் ஐஆர் தேர்வையும் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது. ஏர்லைன்கள் பெரும்பாலும் கேட்பது மல்டி எஞ்சின் விமானத்தில் எடுத்த ஐஆர். அதை 160 மணி நேரத்தில் முடித்துவிட்டு, மழைக்காலத்தில் பள்ளி மூன்று மாதம் மெதுவாக ஓட, உரிமக் கோப்பு இரண்டு மாதம் இழுக்க, உரிமம் கைக்கு வரும்போது ஐஆரில் பாதி ஆயுள் போயிருக்கும். கடைசியில் வைத்தால் அந்தப் பாதி உங்களுக்கு மிச்சம்.

மருத்துவமும் அப்படியே. பரிசோதனைக்குச் சில வாரம் முன்னதாகவே தூக்கம், எடை, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனியுங்கள். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று ஒரு தாள் வந்தால் மறுபரிசோதனைக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஓடிவிடும். அந்த நேரத்தில்தான் வேலை அறிவிப்பும் வரும்.

படி 3: 180 முதல் 200 வரை: தேர்வுக்கான படிப்பு

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். உரிமம் வரட்டும், அழைப்பு வரட்டும், அப்புறம் படிக்கலாம் என்று இருக்கிறார்கள். அழைப்புக்கும் தேர்வுக்கும் நடுவில் பத்து நாள்கூட இல்லாமல் போவது சாதாரணம்.

ஏர்லைன் எழுத்துத் தேர்வு சிபிஎல் தாளின் மறுபதிப்பு அல்ல. ஜெட் எஞ்சின், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, உயரத்தில் காற்றின் அடர்த்தி குறையும்போது வேக எல்லைகள் நெருங்குவது, வி1 வேகத்தின் பொருள், ஓடுபாதைத் தூரக் கணக்கு என்று ஏடிபிஎல் தரத்துக்குப் போகும். அதன் பிறகு கணினியில் கை, கண், கவனம் மூன்றையும் சோதிக்கும் திறன் தேர்வு, மனநிலைத் தேர்வு, சில நிறுவனங்களில் குழு விவாதம், நேர்காணல், சிமுலேட்டர். எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் ஒன்று. காலையில் காப்பி குடிக்கும்போது சென்னையின் மீட்டார் வானிலை அறிக்கையை எடுத்துப் படியுங்கள், விஓஎம்எம் என்று தேடினால் வரும். காற்று எந்தப் பக்கம், ஓடுபாதை 07-ல் இறங்குவார்களா 25-லா, வடகிழக்குப் பருவமழையில் மேக அடி எவ்வளவு, விசிபிலிட்டி ஏன் திடீரென்று விழுந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மூடுபனி எப்படி உருவாகிறது என்று தினமும் பாடம் நடக்கும். இரண்டு மாதம் இதைச் செய்தவருக்கு நேர்காணலில் வானிலைக் கேள்வி வந்தால் மனப்பாடம் தேவையில்லை, பார்த்ததைச் சொன்னாலே போதும்.

சிமுலேட்டருக்கு ஒன்றுதான்: ஆட்டோபைலட் இல்லாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) உதவியோடு இறங்குவது. கருவிகள் மேல் கண் ஓடும் ஒழுங்கு, அதாவது ஸ்கேன், கெட்டுப்போனால் நேர்காணல் குழுவில் இருக்கும் கேப்டனுக்கு இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்கள் பள்ளியில் இருக்கும் சிறிய சிமுலேட்டரில் வாரம் ஒரு மணி நேரம் போதும்.

படி 4: உரிமம் வந்த வாரம்

இப்போது விண்ணப்பியுங்கள், எல்லா நிறுவனங்களுக்கும். மனதுக்குப் பிடித்த ஒரே ஏர்லைனுக்காகக் காத்திருப்பது இந்தக் கட்டத்தில் கட்டுப்படியாகாது. டிஜிசிஏ 2022-ல் 1,165 சிபிஎல்களும் 2023-ல் 1,622 சிபிஎல்களும் வழங்கியது. ஒவ்வொரு வருடமும் உங்களுக்குப் பின்னால் இவ்வளவு பேர் வரிசையில் சேர்கிறார்கள், அவர்கள் எல்லாருக்கும் ஐஆர் புதிதாக இருக்கும்.

உரிமத்தின் எண்ணைக் கேட்கும் படிவத்தில் “விண்ணப்பித்துள்ளேன்” என்று எழுதி அனுப்ப வேண்டாம், தானாகவே கழிந்துவிடும். ஆனால் பெயரைப் பதிவுசெய்ய மட்டும் அனுமதிக்கும் தளங்களில் 200 முடிவதற்கு முன்பே பதிந்து வையுங்கள். மணி நேரம் கூடக் கூட அதைப் புதுப்பிக்கவும் செய்யுங்கள். படிவத்தில் எழுதும் மணி நேரம் லாக்புக்கோடு ஒரு நிமிடம்கூட மாறக் கூடாது. மொத்தம், பிஐசி (முழுப் பொறுப்பில் பறந்தது), மல்டி, இரவு, இன்ஸ்ட்ருமென்ட் ஒவ்வொன்றையும் தனித்தாளில் கூட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் முதல் கேள்வியே இதுவாக இருக்கலாம்.

வெளிநாட்டில் பறந்தவர்களுக்கு இந்த “உரிமம் வந்த வாரம்” என்பது இந்திய உரிமம் வந்த வாரம். அமெரிக்காவிலோ தென்னாப்பிரிக்காவிலோ 200 முடித்துத் திரும்பினாலும், இந்தியத் தாள்களில் தேற வேண்டும். அந்த நாட்டு ஆணையம் உங்கள் உரிமம் உண்மையானது என்று டிஜிசிஏவுக்குப் பதில் அனுப்பவும் வேண்டும். அந்தப் பதில் வரும்வரை நம்மால் செய்யக்கூடியது குறைவு. எனவே இந்தியத் தேர்வுகளை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட்டுப் போங்கள். அங்கே கடைசிப் பறத்தலை முடித்த மறுநாளே சரிபார்ப்புக்கான கடிதத்தைத் தொடங்குங்கள்.

படி 5: சீக்கிரம் விண்ணப்பி, ஆனால் வெறுங்கையோடு போகாதே

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முரண் இருப்பது எனக்குத் தெரியும். விண்ணப்பம் அனுப்புவதில் இழப்பு எதுவும் இல்லை. தேர்வில் உட்கார்ந்து தோற்பதில் இருக்கிறது. ஒரு முறை தோற்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ மறுபடி வரக் கூடாது என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. சிலவற்றில் மொத்தம் இத்தனை முயற்சிதான் என்ற எல்லையும் உண்டு. 2012-ல் நான் செய்த தவறு இதுதான்: கேட்டுவிட்டார்களே என்று ஓடினேன்.

அழைப்பு வந்தும் தயாராக இல்லை என்றால் என்ன செய்வது? அறிவிப்பைக் கவனமாகப் படியுங்கள். வராமல் போனாலும் முயற்சியாகக் கணக்கிடுவார்களா என்று எழுதியிருக்கும், இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். அடுத்த தேதி கேட்க வழியிருந்தால் கேளுங்கள், வெட்கமே வேண்டாம். வழியில்லை என்றால் போய் எழுதுங்கள். ஆனால் இந்த நிலைமையே வராமல் இருக்கத்தான் படிப்பை 180 மணி நேரத்திலேயே தொடங்கச் சொன்னேன்.

படி 6: டைப் ரேட்டிங்கைச் சொந்தக் காசில் எடுக்கலாமா?

பயிற்சிக்கு ஏற்கெனவே ஐம்பது லட்ச ரூபாய்க்கு மேல் போயிருக்கும். அதன் மேல் ஏர்பஸ் 320-க்கோ போயிங் 737-க்கோ டைப் ரேட்டிங் என்றால் இன்னும் சுமார் இருபது லட்சம். “டைப் இருந்தால் உடனே வேலை” என்று சொல்லாத முகவர் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: தேர்வு பெற்ற கடிதம் கையில் இல்லாமல் டைப் ரேட்டிங்குக்குக் கடன் வாங்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். முதலில், தப்பான டைப்பில் மாட்டிக்கொள்ளலாம். ஆகாசா ஏரிடம் இருப்பது 737 மேக்ஸ் மட்டும். இண்டிகோவின் பெரும்பகுதி 320 குடும்பம், சிறு நகரங்களுக்கு ஏடிஆர் 72. அலையன்ஸ் ஏர் என்றாலும் ஏடிஆர்தான் பிரதானம். நீங்கள் 737 எடுத்து முடித்த மாதத்தில் ஆள் எடுப்பது 320 நிறுவனமாக இருந்தால் அந்தப் பணம் அப்படியே நிற்கும். இரண்டாவது, டைப் ரேட்டிங் உட்கார்ந்தால் கெடும் பொருள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் திறன் சோதனை கொடுக்காவிட்டால் அது செயலற்றுப் போகும், ஒவ்வொரு சோதனைக்கும் மறுபடி லட்சங்கள். மூன்றாவது, நீங்களாக எடுத்த ரேட்டிங்கில் டைப் மேல் பறந்த மணி நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஏர்லைன் கேட்பது 500 மணி நேரம் டைப்பில் என்றால் நீங்கள் இன்னும் வெளியேதான்.

டைப் ரேட்டிங் உள்ள புதியவர்களை மட்டும் கூப்பிடும் காலங்களும் வரும், மறுக்கவில்லை. அப்படி ஒரு நிறுவனம் கூப்பிட்டால், முதலில் அவர்களின் தேர்வுகளில் தேறுங்கள், பிறகு ரேட்டிங்குக்குப் பணம் கட்டுங்கள்.

படி 7: காத்திருக்கும் மாதங்கள்

விண்ணப்பித்தாயிற்று, பதில் இல்லை. முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். நான்காவது மாதம் பக்கத்து வீட்டு அத்தை “இன்னும் வேலை கிடைக்கலையா தம்பி, அவ்ளோ செலவு பண்ணீங்களே” என்று கேட்பார். இந்தக் கட்டத்தில்தான் நல்ல விமானிகள் உடைந்துபோகிறார்கள்.

மாதத்துக்கு ஒரு மணி நேரமாவது பறக்கப் பாருங்கள். பணம் இல்லாவிட்டால் சிமுலேட்டர். பயிற்றுநர் ரேட்டிங் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பறந்துகொண்டும் இருப்பீர்கள், சம்பளமும் வரும், மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பாடம் மறக்கவே மறக்காது. நாட்டில் பயிற்சிப் பள்ளிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன, பயிற்றுநர்களுக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. சின்ன சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனங்களில் கிங் ஏர் போன்ற சிறிய விமானத்தில் வலது இருக்கை, அதாவது துணை விமானி இடம், கிடைத்தாலும் மதிப்புதான். ஆனால் பாண்டு (இத்தனை வருடம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏர்லைனில் துணை விமானி விலக ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருடம் என்று 2017-ல் டிஜிசிஏ விதித்தது. நீங்கள் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் விலக எவ்வளவு நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பறக்கும் வேலையே கிடைக்காவிட்டால் ஏர்லைனின் டிஸ்பாட்ச் (பயணத் திட்டமிடல்), செயல்பாட்டுப் பிரிவு, தரைவகுப்பு ஆசிரியர் வேலைகள் இருக்கின்றன. துறைக்குள்ளே இருந்தால் ஆள் எடுக்கும் செய்தி வெளியே வருவதற்குள் காதில் விழும். காலி இடைவெளியைவிட இப்படி ஒரு வேலை விண்ணப்பத்தில் நன்றாகவும் தெரியும்.

ஐஆரும் மருத்துவமும் காலாவதியாவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிப்புக்குத் தேதி வாங்குங்கள். “வேலை கிடைத்தால் புதுப்பித்துக்கொள்ளலாம், எதுக்கு இப்போ ஒரு லட்சம்” என்று வீட்டில் சொல்வார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து விளக்குங்கள்: அறிவிப்பில் “செல்லுபடியாகும் ஐஆர்” என்று ஒரு வரி இருக்கும், அது இல்லாத பெயர் முதல் வடிகட்டலிலேயே போய்விடும்.

சந்தை எப்போது திறக்கும் என்று எப்படித் தெரியும்?

விமான ஆர்டர் செய்திகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்கள், அதே ஜூனில் இண்டிகோ 500 விமானங்கள் என்று அறிவித்தபோது எல்லாப் பயிற்சிப் பள்ளிகளும் அந்த எண்களைச் சுவரில் ஒட்டின. ஆர்டர் செய்த விமானம் வந்து சேர வருடங்கள் ஆகும். வந்த விமானமும் நிற்கும்: பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கோளாறால் இண்டிகோவின் எத்தனையோ விமானங்கள் தரையில் நின்றன. கோ ஃபர்ஸ்ட் 2023 மேயில் முடங்கியதற்கும் அந்த நிறுவனம் சொன்ன காரணம் அதுதான். அப்படி ஒரு நிறுவனம் மூடும்போது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது நடந்ததுபோல, டைப் உள்ளவர்கள் வெளியே வந்து புதியவர்களுக்கான இடத்தை நிரப்பிவிடுவார்கள்.

பார்க்க வேண்டியது வேறு. புதிதாகச் சேரும் ஒவ்வொரு துணை விமானியும் பயணிகளோடு பறக்கத் தொடங்கும்போது பக்கத்தில் பயிற்சி கேப்டன் ஒருவர் பல வாரம் உட்கார்ந்தாக வேண்டும். அந்தக் கேப்டன்கள் எண்ணிக்கை குறைவு. ஒரு ஏர்லைன் கேப்டன்களைப் பதவி உயர்த்துகிறது, பயிற்சி கேப்டன்களைச் சேர்க்கிறது, சிமுலேட்டர் வாங்குகிறது என்று கேள்விப்பட்டால் அடுத்த சில மாதங்களில் புதியவர்களுக்கான கதவு திறக்கும் என்று நம்பலாம்.

விதி மாற்றங்களையும் கவனியுங்கள். விமானிகளின் களைப்பைக் குறைக்க டிஜிசிஏ கொண்டுவந்த புதிய பணிநேர விதி, வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது, இரவில் இறங்கும் எண்ணிக்கையை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதன் இரண்டாம் கட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்தது. டிசம்பரில் விமானிகள் போதாமல் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாகின. அதே எண்ணிக்கை விமானத்துக்கு இனி கூடுதல் விமானிகள் வேண்டும். அந்தத் தேவை எழும் நாளில் எல்லாத் தேதிகளும் உயிரோடு இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

பணம் கேட்பவர்கள்

“எனக்கு உள்ளே ஆள் தெரியும், பத்து லட்சம் கொடுத்தால் நேர்காணல் வாங்கித் தருகிறேன்” என்பவர் வாட்ஸாப்பில் வருவார், சில சமயம் உங்களுக்குத் தெரிந்த மூத்த மாணவர் மூலமாகவே வருவார். அழைப்பு நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். பயிற்சிக் கட்டணம் வேறு, வேலைக்கான லஞ்சம் வேறு. இரண்டாவதைக் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அழைப்பு வந்த நாளில்

உடனே பதில் அனுப்புங்கள், அன்றே. அசல் ஆவணங்கள் அனைத்தும் ஒரே கோப்பில், இரண்டு செட் நகலோடு இருக்கட்டும்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் மருத்துவச் சான்று வரை, ஒவ்வொரு பக்கமும் கூட்டி முடித்த லாக்புக் உட்பட. தேர்வுகள் பெரும்பாலும் டெல்லி அல்லது குருகிராம் பக்கம் நடக்கும். டிசம்பர், ஜனவரி என்றால் மூடுபனியில் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், ரயிலும் அப்படித்தான். சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள், பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்குங்கள். முதல் நாள் இரவு புதிதாக எதையும் படிக்க வேண்டாம். காலையில் எழுந்து டெல்லி மீட்டாரை ஒருமுறை படித்துவிட்டுக் கிளம்புங்கள்.